சமையலறைக் கதவுக்கு எதுக்குங்க அலங்காரம்?

போன கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். 1970களில் கட்டின வீடு. சமையலறை அலமாரிக் கதவுகள் எல்லாம் மொட்டைப் பலகை. ஒரு கோடு, ஒரு பள்ளம், ஒரு வளைவு கிடையாது. மனுஷன் ரெண்டு வார இறுதியை அதுக்குன்னே ஒதுக்கி, இருபத்திரண்டு கதவுக்கும் விளிம்பைச் சுத்தி மரப்பட்டி ஒட்டி, உள்பக்கம் சின்னதா ஒரு வளைவுப் பட்டியும் வச்சு, மேலே சீலிங் ஓரமா கிரவுன் மோல்டிங் அடிச்சு, வெள்ளைப் பெயிண்ட் பூசி முடிச்சிருந்தார். நிஜமாவே அடையாளம் தெரியலை. புதுச் சமையலறையே போட்டுட்டார்னு நினைச்சேன்.

அவர் பெருமையா ஒவ்வொரு கதவா திறந்து காட்டிக்கிட்டு இருக்கும்போது, அவங்க வீட்டம்மா அடுப்பில் கடுகு தாளிச்சுக்கிட்டே சொன்னாங்க:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த முடுக்குல சேர்ற எண்ணெய்ப் பிசுக்கை யாரு தொடைக்கிறது? நீங்களா, நானா?"

நண்பர் சிரிச்சு மழுப்பினார். நானும் கூடச் சிரிச்சு வச்சேன். ஆனா ஊருக்குத் திரும்பின பிறகும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. கொஞ்சம் புத்தகங்களைப் புரட்டினா, அட, அந்தம்மா கேட்டது சும்மா ஒரு வீட்டுச் சண்டை இல்லைங்க! அலமாரிக் கதவில் பட்டி வேணுமா வேண்டாமான்னு மதத் தலைவர்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லாம் மல்லுக்கு நின்ன வரலாறே இருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

மரம் சும்மா இருக்காது

அங்கே மோல்டிங்னு சொல்றதை நம்ம ஊர் ஆசாரிகள் பீடிங்னு சொல்வாங்க. கதவு ஓரத்திலும் கண்ணாடியைச் சுத்தியும் அடிப்பாங்களே, அந்த வளைஞ்ச மரக்கீற்றுதான். இன்னிக்கு அதைப் பார்த்தா வெறும் அலங்காரம்னு தோணும். ஆனா அது பிறந்தது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை.

மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிக் காயவச்சு, இழைச்சு, கதவா மாட்டின பிறகும் அது சும்மா இருக்காது. காத்துல ஈரம் ஏறினா உப்பும், காஞ்சா சுருங்கும். ரேகை ஓடுற திசையில் இந்த மாற்றம் இல்லைன்னே சொல்லலாம். குறுக்குத் திசையில்தான் ஆட்டம் எல்லாம். மழைக்காலத்தில் பழைய மரக்கதவு இறுகிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குதே, அதுதான் காரணம். அகலமான பலகையை நாலு பக்கமும் இறுக்கி ஆணி அடிச்சு வச்சா, ஒரு சில பருவத்தில் நட்ட நடுவில் பிளந்துக்கும்.

இதுக்குத் தச்சர்கள் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. நாலு சட்டங்களைக் கோர்த்து ஒரு கட்டம் செய்யணும். சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுக்கணும். நடுப் பலகையை அந்தக் காடிக்குள்ள பசை போடாம, ஆணி அடிக்காம, சும்மா நுழைச்சு விட்டுடணும். பலகை தன் இஷ்டத்துக்கு உப்பட்டும், சுருங்கட்டும், சட்டம் அசையாது. கதவும் பிளக்காது.

ஆனா இதில் ஒரு சின்ன அசிங்கம் மிச்சம் இருக்கு. சட்டமும் பலகையும் சேர்ற இடத்தில் ஒரு கோடு தெரியும், அந்தக் கோடு பருவத்துக்குப் பருவம் நகரும். இதைக் கண்ணுக்கு மறைக்க சட்டத்தின் உள்விளிம்பையே வளைவாச் செதுக்கினாங்க, இல்லைன்னா தனியா ஒரு பட்டியை அங்கே பதிச்சாங்க. பட்டியைத் தனியா அடிக்கிறவங்க ஒரு விஷயத்தில் கவனமா இருப்பாங்க: ஆணி சட்டத்தில்தான் இறங்கணும், பலகையில் இறங்கக் கூடாது. இறங்கினா பலகையின் சுதந்திரம் போச்சு, விரிசல்தான்.

ஆக, பீடிங்குக்குன்னு ஒரு உருப்படியான வேலை இருந்தது. மரத்தின் மூச்சை மறைக்கிற திரை அது.

அலையைச் செதுக்கின கைகள்

வளைவோட வடிவம் எங்கிருந்து வந்தது? அது கல்லிலிருந்து வந்தது. கிரேக்கக் கோயில்களின் தூண்கள், மேல்விளிம்புகள் இவற்றில் செதுக்கின வளைவுகள்தான் மேற்கத்திய மோல்டிங்குகளுக்கு எல்லாம் பாட்டன். உள்ளே குழிஞ்சு வெளியே புடைச்சு 'எஸ்' மாதிரி ஓடுற வளைவுக்கு சைமா என்று பேர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அலைன்னு அர்த்தம். இன்னிக்கு மரக்கடையில் ஓஜீங்கிற பேரில் விற்கிற பட்டி இதேதான். கிரேக்கர்கள் இந்த வளைவுகளைக் கொஞ்சம் நீட்டி, இழுத்து, கண்ணுக்கு மென்மையாச் செதுக்கினாங்க. ரோமானியர்கள் காம்பஸ் வச்சு வட்டத்துண்டா ஆக்கிட்டாங்க. வேலை சுலபம், எங்கே போனாலும் ஒரே அச்சு.

எதுக்கு வளைவு? வெளிச்சத்துக்குத்தான். தட்டையான பரப்பில் வெளிச்சம் ஒரே மாதிரி விழும். வளைவில் விழுந்தா ஒரு பக்கம் பளிச், ஒரு பக்கம் நிழல். ஒரே வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச கதவில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு சித்திரம் கிடைக்குதே, அது நிழலோட வேலை.

இதை மரத்தில் கொண்டுவர ஒரு தனிக் கருவி வேணும். சாதாரண இழைப்புளியின் அடிப்பக்கம் தட்டையா இருக்கும். மோல்டிங் இழைப்புளியின் அடிப்பக்கமோ வேணுங்கிற வளைவுக்கு எதிர்வடிவில் இருக்கும், உள்ளே இருக்கிற இரும்பு அலகும் அதே வடிவம். மரத்தின் ஓரத்தில் வச்சுத் தள்ளத் தள்ள வளைவு இறங்கும். ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி இழைப்புளி. நல்ல தச்சர் ஒருத்தர் பெட்டியில் இது டஜன் கணக்கில் இருக்கும். பெரிய கிரவுன் மோல்டிங் இழைக்கிறப்ப ஒரு ஆள் பின்னாலிருந்து தள்ள, இன்னொரு ஆள் முன்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பார்.

இங்கே ஒருத்தரைப் பத்திச் சொல்லியே ஆகணும். அமெரிக்கக் குடியேற்றங்களில் இழைப்புளி செஞ்சவர்களில் பேர் தெரிந்த முதல் ஆள் மாசசூசெட்ஸின் ரென்தம் ஊரில் இருந்த பிரான்சிஸ் நிக்கல்சன். அவரிடம் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர் சீசர் செலோர். எஜமானரிடமே தொழில் கத்துக்கிட்டவர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, உயில்படி செலோருக்கு விடுதலை கிடைத்தது. கூடவே வேலைப் பட்டறைப் பலகை, கருவிகள், கொஞ்சம் நிலம். அதுக்குப் பிறகு 1784இல் இறக்கும்வரை செலோர் தன் பேரிலேயே இழைப்புளிகள் செஞ்சு வித்தார்.

அவர் செஞ்ச ஒவ்வொரு இழைப்புளியின் முன்முனையிலும் ஒரு முத்திரை இருக்கும். அவர் பேர், அப்புறம் ரென்தமில் வசிக்கிறவர்ங்கிற வாசகம். அவ்வளவுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் இன்னொருத்தர் சொத்துப் பட்டியலில் இருந்த மனுஷன் தன் பேரையும் தன் ஊரையும் மரத்தில் அடிச்சு வைக்கிறான்! வட அமெரிக்காவில் ஆவணத்தில் பதிவான முதல் கறுப்பினக் கருவி வினைஞர்னு இன்னிக்கு அவரைச் சொல்றாங்க. அந்த இழைப்புளிகளைச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குறாங்க. அவை இழைச்ச பட்டிகள் எந்தெந்த வீட்டுச் சுவரில் இருக்கோ, அதை யாரும் எண்ணி வச்சிருக்க மாட்டாங்க.

நீராவி வந்தது, விலை விழுந்தது

கையால் இழைக்கிற வரைக்கும் மோல்டிங்னா காசு. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு சாதி அடுக்கு இருந்தது. விருந்தாளி உட்காரும் கூடத்துக்குப் பெரிய, பல வளைவுள்ள பட்டி. படுக்கை அறைக்குக் கொஞ்சம் சின்னது. மாடி ஏறி வேலைக்காரங்க படுக்கிற அறைக்குப் போனா ஒரு எளிய கீற்று, அதுவும் இருந்தால்தான். சமையலறை? அது வீட்டின் பின்பக்கம், இல்லைன்னா தரைக்குக் கீழே. அங்கே ஒரு பெரிய மேசை, தட்டு அடுக்க ஒரு திறந்த அலமாரி, அவ்வளவுதான். வேலை செய்யறவங்க புழங்குற இடத்துக்கு எதுக்கு அழகு என்கிற எண்ணம். நம்ம ஊர் பழைய பெரிய வீடுகளின் முன்கட்டையும் அடுப்படியையும் ஒப்பிட்டுப் பார்த்தவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1793இல் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவவாதி ஜெரமி பெந்தமோட தம்பிதான். அண்ணன் திட்டம் போட்டது ஒரே காவலாளி எல்லாக் கைதிகளையும் பார்க்கக்கூடிய வட்டச் சிறை. அந்தக் கைதிகளை வச்சு, தொழில் தெரியாட்டியும் மரவேலை செய்ய வைக்கத்தான் தம்பியோட இயந்திரம். அந்தச் சிறை கட்டப்படவே இல்லை. ஆனா தொழில் தெரிஞ்ச கை இல்லாமலே மரத்தை இழைக்கலாங்கிற யோசனை நின்னுடுச்சு. அமெரிக்காவில் வில்லியம் வுட்வொர்த் 1828இல் இழைப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதை நீட்டிச்சு நீட்டிச்சு 1856 வரைக்கும் இழுத்தாங்க, வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் மோல்டிங்கை அடிக்கணக்கில் துப்ப ஆரம்பிச்சது. ஒரு ஆள் நாள் முழுக்க மூச்சு வாங்கி இழைச்சதை இயந்திரம் நிமிஷத்தில் முடிச்சது. சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகிற விலை. விளைவு, கதவு, ஜன்னல், சுவர், நாற்காலின்னு கண்ட இடமெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நிலக்கரி அடுப்பின் கரி. அதைத் துடைக்க ஒரு வேலைக்காரப் பெண். அவங்க பேரை எந்த மரத்திலும் யாரும் முத்திரை அடிக்கலை.

ஷேக்கர்கள் போட்ட தடை

இந்த அலங்காரக் கூத்து நடந்துக்கிட்டு இருந்த அதே அமெரிக்காவில், வேண்டவே வேண்டாம்னு சொன்ன ஒரு கூட்டமும் இருந்தது. அவங்கதான் ஷேக்கர்கள். ஆன் லீ என்கிற பெண் தலைமையில் 1774இல் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பிரிவு. கல்யாணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, ஆணும் பெண்ணும் சமம், வேலையே வழிபாடு.

1845இல் திருத்தி எழுதின அவங்க விதிமுறைகளில், வெறும் பகட்டுக்காகச் செய்யற பீடிங், மோல்டிங், கார்னிஸ் எதையும் நம்பிக்கையாளர்கள் செய்யக் கூடாதுன்னு ஒரு விதியே இருக்கு. பாருங்க, அலமாரிப் பட்டி ஒரு ஆன்மிகப் பிரச்சினை ஆயிடுச்சு :-)

ஆனா அவங்க காரணம் வெறும் சாமியார்த்தனம் இல்லை. சுத்தம். தூசி தங்குற இடமே இருக்கக் கூடாது. அதனால் தனியா நிக்கிற பீரோவுக்குப் பதிலா சுவரோடு சேர்த்து, தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி கட்டினாங்க. மேலே தூசி படிய இடமில்லை, கீழே பெருக்க முடியாத மூலை இல்லை. நியூ ஹாம்ஷயரில் என்ஃபீல்ட் ஊரில் 1837-41இல் கட்டின அவங்க கல் குடியிருப்பில் இப்படி 860 இழுப்பறைகள். கதவுகள் சட்டமும் பலகையும்தான், ஏன்னா மரத்தின் குணம் பக்தனுக்காக மாறாதே! ஆனா நடுப் பலகை பெரும்பாலும் தட்டை, வளைவு மிகக் குறைவு. வேலைக்கு எது வேணுமோ அது மட்டும்.

இந்த விதியை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் இதோட தமாஷுக்கு வருவேன்.

வேலைக்காரி இல்லாத சமையலறை

1869இல் கேதரின் பீச்சரும், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதின அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து வீட்டு நிர்வாகம் பத்தி ஒரு புத்தகம் வெளியிட்டாங்க. 'தி அமெரிக்கன் உமன்ஸ் ஹோம்'. வீட்டு வேலையை வேலைக்காரங்களை நம்பி விடாம வீட்டுப் பெண்ணே செய்யப் போறான்னா, சமையலறை எப்படி இருக்கணும்? கேதரின் கைகாட்டினது நீராவிக் கப்பலின் சமையல் அறையை. சின்ன இடம், எல்லாம் கைக்கெட்டும் தூரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம்.

இந்த யோசனை 1910களில் இன்னும் சூடு பிடிச்சது. தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் வச்சுத் தொழிலாளியின் அசைவை அளந்த பிரெடரிக் டெய்லரின் முறையை, கிறிஸ்டீன் பிரெடரிக் என்கிற பெண்மணி அடுப்படிக்குக் கொண்டு வந்தார். எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை தடவை குனியறோம்னு கணக்கு. அவர் புத்தகம் ஜெர்மன் மொழிக்கும் போனது.

அதே காலத்தில் வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் அலங்காரத்துக்கு எதிரா முழங்கிக்கிட்டு இருந்தார். 'அலங்காரமும் குற்றமும்' என்கிற அவர் உரை 1910ஐ ஒட்டினது. அதில் பச்சை குத்திக்கிற பழங்குடிகளை மட்டம் தட்டுற பகுதிகள் இன்னிக்குப் படிச்சா முகம் சுளிக்க வைக்கும். ஆனா உள்ளே ஒரு பொருளாதார வாதம் இருக்கு, அதைத் தள்ளிட முடியாது. அலங்காரம் செய்யற தொழிலாளிக்கு நேரம் அதிகம், கூலி குறைவு. அதோட அலங்காரம் பண்ணின பொருள் தேயறதுக்கு முன்னாடியே ஃபேஷன் மாறிடும், நல்ல பொருள் குப்பைக்குப் போகும். உழைப்பும் வீண், மரமும் வீண்.

1920களின் தொடக்கத்தில் லூஸோட சேர்ந்து வேலை பார்த்த இளம்பெண் மார்கரேட் லிஹோட்ஸ்கி. 1897இல் பிறந்தவர், ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருத்தர். (கல்யாணத்துக்குப் பிறகு ஷூட்டே-லிஹோட்ஸ்கி.) முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடுமையான வீட்டுப் பஞ்சம். பிராங்பர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மே தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்ட ஆரம்பிச்சது. சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு மார்கரேட்டுக்கு வந்தது. 1926இல் பிறந்ததுதான் பிராங்பர்ட் சமையலறை.

அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அவ்வளவுதான் இடம். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிற குட்டிச் சமையலறைதான் முன்மாதிரி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி. அரிசி, சர்க்கரை போட கைப்பிடியும் மூக்கும் வச்ச அலுமினிய இழுப்பறைகள், இழுத்து நேரா பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, பூச்சி வராதுன்னு. ஈ அண்டாதுங்கிற நம்பிக்கையில் நீலப்பச்சைப் பெயிண்ட். அலமாரியின் அடிப்பீடம் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், நிக்கறப்ப கால் இடிக்காது. கதவுகள் தட்டை. ஒரு துணியை வச்சு ஒரே இழுப்பில் துடைச்சுடலாம்.

பாருங்க, வீட்டம்மா தாளிச்சுக்கிட்டே கேட்ட கேள்விக்குப் பதிலைக் கதவிலேயே எழுதி வச்சிருக்காங்க! மொட்டைக் கதவு அங்கே ஏழ்மை இல்லை, மரியாதை. துடைக்கிற பெண்ணின் நேரத்துக்குக் கொடுத்த மரியாதை. தொழிற்சாலையிலிருந்து திரும்பி அடுப்படிக்குள் நுழையற பெண்ணுக்கு அரைமணி நேரம் மிச்சமாகட்டும்னு யோசிச்சு எடுத்த முடிவு. சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை போனது.

மார்கரேட்டின் மீதிக் கதையும் லேசுப்பட்டதில்லை. நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து, 1941இல் வியன்னாவில் கைதாகி, 15 வருஷத் தண்டனை பெற்று, 1945இல் போர் முடியும்போது விடுதலையானார். 2000 ஜனவரியில், 103ஆவது பிறந்தநாளுக்கு அஞ்சு நாள் இருக்கும்போது காலமானார். அந்தச் சமையலறையை வடிவமைக்கிற வரைக்கும் தனக்குச் சமைக்கவே தெரியாதுன்னு அவரே வெளிப்படையாச் சொல்லியிருக்கார்.

சமைக்கிறவங்களை வடிவமைக்கும்போது கேட்கலைன்னா என்ன ஆகும்? அதுவும் நடந்தது. இடம் ஒரு ஆளுக்குத்தான். குழந்தையை வச்சுக்கிட்டு வேலை பார்க்க முடியலை, கூட ஒருத்தர் நின்னு உதவ முடியலை. 1970களில் பெண்ணியவாதிகள், பெண்ணைத் தனியாப் பூட்டி வச்ச அறைன்னு இதைக் கடுமையா விமர்சிச்சாங்க. துடைக்கிற வேலையைக் குறைச்சது சரி. துடைக்கிற ஆளை மாத்த யாருமே யோசிக்கலை.

மொட்டைக் கதவு மலிவான கதை

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மொட்டைக் கதவு ஊரெல்லாம் பரவியது. ஆனா காரணம் மாறிடுச்சு. லட்சக்கணக்கில் வீடு கட்டணும், சீக்கிரம் கட்டணும், மலிவா கட்டணும். பிளைவுட்டையோ மரத்தூள் அட்டையையோ அளவுக்கு வெட்டினா கதவு தயார். சட்டம் கோர்க்க வேண்டாம், காடி எடுக்க வேண்டாம். 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் டெபாசிட் என்கிற ஊரில் எம்.டி.எஃப் பலகை வணிக அளவில் தயாராக ஆரம்பிச்சது. மர இழையைப் பசையோடு சேர்த்து அழுத்தின பலகை. இதில் ரேகையே இல்லை, அதனால் குறுக்குத் திசையில் உப்பற சமாச்சாரமும் இல்லை.

கவனிச்சீங்களா? சட்டமும் பலகையும் பீடிங்கும் பிறந்த காரணமே அங்கே செத்துப் போச்சு. மறைக்க வேண்டிய கோடு இல்லை. மரம் மூச்சு விடலை.

இன்னொரு பக்கம் சமையலறை வீட்டுக்குள்ளே இடம் பெயர்ந்துக்கிட்டு இருந்தது. பிராங்க் லாயிட் ரைட் 1934இல் மினியாபொலிஸில் கட்டின மால்கம் வில்லி வீட்டில் சமையல் பகுதி கூடத்தைப் பார்த்துத் திறந்து இருந்தது. போருக்குப் பிறகு இது வழக்கமாவே ஆயிடுச்சு. பின்கட்டில் ஒளிஞ்சிருந்த அடுப்படி இப்ப விருந்தாளி கண்ணு முன்னாடி. கூடத்துக்கு உண்டான உடுப்பை அதுக்கும் மாட்ட வேண்டியதாப் போச்சு. சரித்திரத்திலேயே முதல் தடவையா மோல்டிங் சமையலறைக்குள் மரியாதையா நுழைஞ்சது இப்படித்தான்.

இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. வேலை செய்யற இடத்துக்கு எதுக்கு அழகுன்னு பல நூற்றாண்டு ஒதுக்கி வச்ச அறைக்கு அழகு வந்து சேர்ந்தது நல்லதுதானே? நாள் முழுக்க அங்கே நிக்கிறவங்க கண்ணுக்கும் ஒரு நிழல், ஒரு கோடு வேணாமா? லூஸ் மாதிரி அதைக் குற்றம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இப்ப அந்தத் தமாஷு. மொட்டைக் கதவில் ஒட்டறதுக்கு இன்னிக்கு அமெரிக்காவில் ரொம்பப் பேர் தேர்ந்தெடுக்கிற பாணியின் பேர் என்ன தெரியுமா? ஷேக்கர் பாணி! கால் அங்குலக் கனத்தில் ரெண்டரை அங்குல அகலப் பட்டியை நாலு ஓரமும் ஒட்டினா, சட்டமும் பலகையும் மாதிரி தெரியும். பகட்டுக்காக எந்தப் பட்டியும் ஒட்டாதேன்னு விதி போட்டவங்க பேரில், பகட்டுக்காகப் பட்டி ஒட்டறோம். அசல் ஷேக்கர்கள் மெய்ன் மாநிலத்தின் சபத்டே லேக்கில் மட்டும், விரல் விட்டு எண்ணுற அளவில்தான் மிச்சம் இருக்காங்க.

ஒட்டறவங்களுக்கு நாலு வார்த்தை

வரலாறு சொல்லிட்டு சும்மா போனா நல்லா இருக்காது. நண்பர் பட்டு அனுபவிச்சதை வச்சுக் கொஞ்சம் சொல்றேன்.

முதல் வேலை கழுவுறது. வருஷக்கணக்கான பிசுக்கு மேலே பசையும் ஒட்டாது, பெயிண்ட்டும் நிக்காது. லாமினேட் கதவா இருந்தா உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிடிப்பான பிரைமர் அடிக்கணும். வளைவுள்ள பட்டின்னா மூலையை 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கணும். அரை டிகிரி பிசகினாலும் இடைவெளி பல்லைக் காட்டும். சதுர விளிம்புப் பட்டின்னா நேரா முட்ட விட்டாலே போதும், அதனால்தான் புதுசா செய்யறவங்களுக்கு அது தோது. ஒட்டறதுக்கு முன்னாடி மூலையில் இருக்கிற ரெண்டு கதவைத் திறந்து பாருங்க. கால் அங்குலம் கூடினதும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். நண்பர் இதைப் பெயிண்ட் காய்ஞ்ச பிறகுதான் கண்டுபிடிச்சார் :-(

கதவு நிஜமாவே மரச்சட்டமும் மிதக்கிற பலகையுமா இருந்தா பழைய விதி இன்னும் செல்லும்: பட்டியைச் சட்டத்தோடு மட்டும் சேருங்க, பலகையோடு ஒட்டாதீங்க. எம்.டி.எஃப்னா அந்தக் கவலை இல்லை.

முக்கியமானது கடைசியா. உள்முடுக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவு பிசுக்கு. ஆவியில் காய்கறி வேக வைக்கிற வீட்டுக்கும், தினம் ரெண்டு வேளை தாளிக்கிற வீட்டுக்கும் ஒரே கதவு சரிப்படாது.

போன மாசம் நண்பரோட பேசினேன். அடுப்புக்கு ரெண்டு பக்கமும் மேலேயும் இருக்கிற ஆறு கதவில் வளைவுப் பட்டியைப் பேர்த்துட்டாராம். வெறும் சதுர விளிம்பு மட்டும், முடுக்கில் சிலிக்கான் பூசி மொழுகிட்டாராம். மிச்சம் பதினாறு கதவில் வளைவு அப்படியே இருக்கு.

"யாரு முடிவு பண்ணினது?"ன்னு கேட்டேன்.

"மூணு சனிக்கிழமை என்னையே துடைக்க விட்டா. நாலாவது சனிக்கிழமை நானே முடிவு பண்ணிட்டேன்"னார்.

இப்பவும் சனிக்கிழமை துணி அவர் கையில்தானாம்.